வாட்டம் பார்த்துவிட்டு ரேட் போடுங்கள்

போன வாரம் இரண்டு பையன்கள் என் கடைக்கு வந்தார்கள். வியாசர்பாடிப் பையன்கள்தான். ஒருவன் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் சைட் சூப்பர்வைசராக இருக்கிறான், இன்னொருவன் அவன் அப்பாவோடு சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன். "ண்ணா, மழைத்தண்ணி கால்வா வேலை டெண்டர் எடுக்கலாம்னு இருக்கோம், எங்கேர்ந்துண்ணா ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்கள். இந்த ஆண்டு இதே கேள்வியோடு வந்தவர்களில் இவர்கள் நாலாவது. ஒவ்வொருவரிடமும் டீ வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசுவதைவிட ஒரே தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

என் அப்பா கொத்தனார். நான் மாநகராட்சியில் பதிவு செய்த சின்ன ஒப்பந்ததாரர், 15 வருஷத்துக்கு மேலாக வடிகால் வேலைதான் செய்கிறேன். பெரிய பேக்கேஜ் எதையும் நான் எடுத்ததில்லை. நடுவில் விட்டுப்போன துண்டை இணைப்பது, உடைந்த கேட்ச் பிட்டை, அதாவது ரோட்டுத் தண்ணீர் வடிகாலுக்கு இறங்குகிற குழியை, கட்டுவது, மூடி போடுவது, மழைக்கு முன்னால் தூர் வாருவது, சில சமயம் பெரிய கம்பெனிக்குக் கீழே சப்-கான்ட்ராக்ட். எனக்குத் தெரிந்தது அந்த அளவுதான், அதைத்தான் எழுதுகிறேன்.

பையன்கள் முதலில் கேட்டது டிஜிட்டல் கையெழுத்து எங்கே வாங்குவது என்று. அதைக் கடைசியில் சொல்கிறேன், அது அரை நாள் வேலை. அதற்கு முன்னால் தெருவைப் பார்க்கத் தெரிய வேண்டும். நம்ம வட சென்னையில் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, பார்க்கத் தெரியாதவன் வடிகால் வேலைக்கு ரேட் போட்டால் அவன் பணமும் போகும், அந்தத் தெருவுக்கும் பத்து வருஷத்துக்கு விடிவு கிடையாது. ஒரு தடவை வடிகால் கட்டியாகிவிட்டது என்று பதிவாகிவிட்டால் அந்தத் தெருவுக்கு மறுபடி பணம் ஒதுக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

நம்ம பக்கம் ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், தரை கிட்டத்தட்ட தட்டையாக இருக்கிறது. சென்னையே கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஆறு ஏழு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தெருவில் விழுகிற தண்ணீர் வடிகாலுக்குப் போய், வடிகாலிலிருந்து ஓட்டேரி நல்லா ஓடைக்கோ கேப்டன் காட்டன் கால்வாய்க்கோ கொடுங்கையூர் கால்வாய்க்கோ போய், அங்கிருந்து பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, அது வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் போய்த்தான் கடலைப் பார்க்க வேண்டும். கடலில் ஏற்றம் இருக்கிற நேரத்தில் அடைமழையும் சேர்ந்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது, பக்கிங்காம் கால்வாய் நிறைந்து நிற்கும், அது நிறைந்தால் அதில் விழுகிற கால்வாய்கள் எதிர்த்துக்கொண்டு வரும், அப்புறம் தெரு வடிகாலின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். அந்த நேரத்தில் வடிகாலில் எவ்வளவு நல்ல கான்கிரீட் போட்டிருந்தாலும் அது ஒரு நீளமான தொட்டி, அவ்வளவுதான். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இதைக் கண்ணால் பார்த்தோம். மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வீட்டுச் சுவரில் கறுப்பாகக் கோடு போட்டுவிட்டுப் போனதை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆக இங்கே ஒவ்வொரு சென்டிமீட்டரும் முக்கியம். மற்ற ஊரில் அரை அடி தப்பினாலும் தண்ணீர் எப்படியோ வழி கண்டுபிடித்துப் போய்விடும், இங்கே நாலு விரற்கடை தப்பினால் அது அங்கேயே நின்றுவிடும்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பேரில் எடுத்த முதல் வேலை, புளியந்தோப்புப் பக்கம் ஒரு தெரு, 120 மீட்டர் வடிகால். எஸ்டிமேட்டைவிட 14 சதவீதம் குறைத்துப் போட்டேன். வேலை கிடைத்தால் போதும் என்ற வெறி. தளம் பார்க்கப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் மே மாதம் நல்ல வெயிலில், பைக்கை விட்டு இறங்காமலேயே ஒரு நடை போய்விட்டு வந்தேன். அன்றைக்கு ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருந்தார். என் கையில் பேப்பரைப் பார்த்துவிட்டு, "கால்வா கட்றியா தம்பி? கட்டு, வாணாங்கல. ஆனா தண்ணி அந்தாண்டேர்ந்து இந்தாண்டதான் வரும், இந்தாண்டேர்ந்து அந்தாண்ட போவாது. முப்பது வருசமா பாக்குறேன்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வரைபடத்தில் தண்ணீர் அந்தாண்ட போவதாகத்தான் அம்புக்குறி போட்டிருந்தது.

வேலையை மேல்முனையிலிருந்து ஆரம்பித்தேன், அங்கேதான் பொருள் இறக்க இடம் இருந்தது. வரைபடப்படி 500-க்கு 1 வாட்டம், அதாவது 120 மீட்டருக்கு 24 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். மேல்முனையில் ரோட்டு மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில் அடித்தளம், கீழ்முனையில் 1.24 மீட்டர். 80 மீட்டர் வரைக்கும் அடித்தளக் கான்கிரீட் போட்டாயிற்று. அன்றைக்குச் சாயந்திரம் எங்கள் மேஸ்திரி, அப்பாவோடு வேலை செய்தவர், எதற்கும் வாய்ப்பக்கம் ஒரு தடவை மட்டம் பார்த்துவிடலாம் தம்பி என்று டியூபை எடுத்தார்.

டியூப் லெவல் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், கட்டை விரல் பருமன்கூட இருக்காது, அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாயில் எங்கேயாவது ஒரு கடுகளவு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டிருந்தால் மட்டம் தப்பிவிடும். மேஸ்திரி முழுக் குழாயையும் தரையில் நீட்டி, முழங்காலிட்டு, நகத்தால் தட்டித்தட்டி ஒவ்வொரு குமிழையும் முனைவரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வெளியே விட்டார், அதற்கே கால்மணி நேரம் ஆயிற்று. அவசரப்பட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் ஒரு முனையை நான் பிடித்தேன், அவர் பழைய வடிகாலுக்குள் இறங்கி, நாங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் அடித்தளத்தின் மேலே படிந்திருந்த சேற்றை மண்வெட்டியால் தள்ளிவிட்டு சிமென்ட் தெரிகிற வரைக்கும் சுரண்டி, அதன்மேல் ஸ்கேலை நிறுத்தினார். ரோட்டு மட்டத்திலிருந்து 1.10 மீட்டர்.

எங்கள் அடித்தளம் 80 மீட்டரிலேயே 1.16-க்கு இறங்கிவிட்டிருந்தது. போய் விழ வேண்டிய இடத்தைவிட நாங்கள் ஆறு சென்டிமீட்டர் பள்ளத்தில் இருந்தோம், இன்னும் 40 மீட்டர் பாக்கி. அந்தப் பாட்டி சொன்னது அளவுக்கு அளவு சரி.

உதவிப் பொறியாளர் வந்து பார்த்தார், திட்டினார், அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். முதல் 50 மீட்டரில் மேலே வாட்டக் கான்கிரீட் ஏற்றி, அதற்கப்புறம் போட்ட 30 மீட்டரை உடைத்து மறுபடி போட்டு, 1200-க்கு 1 என்ற வாட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அந்த வாட்டத்துக்கு அடித்தளம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும், கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தாலும் வண்டல் தங்கிவிடும். மேஸ்திரியே கரணையைப் பிடித்து இரண்டு நாள் பூசினார். உடைத்ததற்கும் மறுபடி போட்டதற்கும் பில்லில் ஒரு ரூபாய் கிடையாது. அந்த வேலையில் என் மனைவியின் நகை அடகுக்குப் போனது, மீட்க மூன்று வருஷம் ஆயிற்று.

அதிலிருந்து எனக்கு ஒரே வழக்கம்தான். டெண்டர் விளம்பரம் வந்ததும் முதலில் போய் நிற்பது தண்ணீர் விழுகிற வாயில். அங்கே அடி மட்டம் என்ன, வண்டல் எவ்வளவு, அது போய்ச் சேருகிற கால்வாயின் மட்டம் என்ன, ஏற்ற நேரத்தில் தண்ணீர் எதுவரைக்கும் ஏறுகிறது என்று பார்த்துவிட்டு அங்கிருந்து மேலே நடந்து வருவேன். முடிந்தால் மழை நாளில் போவேன். வீட்டுச் சுவரில் பழைய வெள்ளக்கோடு இருக்கும், அதை அளந்து குறித்துக்கொள்வேன். வாசலில் உட்கார்ந்து துணி துவைக்கிற, பாத்திரம் தேய்க்கிற அம்மாக்களிடம் கேட்பேன், தண்ணி முதல்ல எந்த வீட்டுல ஏறும், கடைசியா எங்கேர்ந்து வடியும் என்று. அவர்கள் சொல்வதையும் டம்பி லெவல் (முக்காலியில் வைத்து மட்டம் பார்க்கிற கருவி) சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடத்தில் ஏதோ அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம், அல்லது யாரோ கழிவுநீர் இணைப்பை வடிகாலில் விட்டிருக்கிறார்கள். அது எதுவும் எஸ்டிமேட்டில் இருக்காது. டெண்டர் திறக்கும் முன்பு ப்ரீ-பிட் கூட்டம் வைத்தால் அங்கே எழுத்தில் கேளுங்கள், சின்ன வேலைக்குக் கூட்டம் இருக்காது, அப்போது பொறியாளரிடம் நேரில் போய்க் கேளுங்கள். கேட்கிறவனை அவர்கள் மதிக்கிறார்கள், நான் பார்த்த வரையில்.

இரண்டாவது மண் கணக்கு. பையன்கள் கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் துல்லியமாகக் கணக்குப் போடுகிறார்கள், மண்ணை மறந்துவிடுகிறார்கள். அதே 120 மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளகலம் 90 சென்டிமீட்டர், சுவர் 15, ஆக வெளியே 1.2 மீட்டர், பலகை அடிக்க இடம் விட்டால் 1.8 மீட்டர் அகலத்தில் வெட்ட வேண்டும், ஆழம் ஒன்றரை. 324 கன மீட்டர். நம்ம யூனிட் கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) சுமார் 114 யூனிட். வெட்டின மண் உப்பும், கால்பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், 140 யூனிட்டைத் தாண்டிவிடும். இரண்டு யூனிட் ஏற்றுகிற டிப்பரில் 70 நடைக்கு மேல். இதில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பவும் வடிகாலின் பக்கவாட்டில் நிரப்ப வேண்டும். அகலமான ரோடாக இருந்தால் ஓரத்தில் குவித்துவைத்துத் தள்ளிவிடலாம். நம்ம தெருவில் பைக் நிறுத்தவே இடம் கிடையாது, மொத்த மண்ணையும் வெளியே எடுத்துப் போய்விட்டு நிரப்புகிற மண்ணை மறுபடி கொண்டுவர வேண்டும். லாரிக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு, ஆகவே ராத்திரி வேலை, ராத்திரிக் கூலி. ரெடிமிக்ஸ் லாரி தெருவுக்குள் திரும்பாது, ஒன்று பம்ப் வைக்க வேண்டும், அல்லது முனையில் கொட்டி பாண்டில் சுமக்க வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பில் களிமண், ஜேசிபி பக்கெட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் மணல், வெட்ட வெட்டச் சரியும், பலகை கட்டித்தான் இறங்க வேண்டும். இரண்டிலும் மூன்று நாலு அடியில் ஊற்று வந்துவிடும், மோட்டார் ராத்திரி பகலாக ஓட வேண்டும். மோட்டார் வாடகையும் டீசலும் தனியாக ஒரு தலைப்பில் எழுதுங்கள், "இதர செலவு" என்று போட்டுவிட்டு அதில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள்.

அப்புறம் பூமிக்கு அடியில் இருக்கிறவை. மெட்ரோ வாட்டர் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வாரியக் கேபிள், இப்போது இன்டர்நெட் கேபிளும். பழைய பேட்டையெல்லாம் எந்தக் குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்று முழுமையான வரைபடம் கிடையாது. 20 மீட்டருக்கு ஒரு இடத்தில் கையால் சின்னக் குழி தோண்டிப் பார்த்துவிட்டு அப்புறம் ஜேசிபியை விடுங்கள். குடிநீர்க் குழாயை உடைத்தால் அந்தத் தெருவுக்கு மூன்று நாள் தண்ணீர் இருக்காது, அப்புறம் அங்கே யாரும் உங்களுக்கு ஒரு டம்ளர் மோர் தரமாட்டார்கள்.

சரி, வேலை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு விரிந்தபோது திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் உள்ளே வந்தன, ஒன்று இரண்டு மூன்று என்று மண்டலம் ஆயின. அங்கே பல இடங்களில் அதுவரை முறையான மழைநீர் வடிகாலே கிடையாது. அதற்காக வந்ததுதான் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டம். ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடன் கொடுத்தது, மொத்தம் சுமார் 3,220 கோடி ரூபாய், 760 கிலோமீட்டருக்கு மேல் வடிகால். அது பேக்கேஜ் பேக்கேஜாகப் பிரிந்து பெரிய கம்பெனிகளுக்குப் போனது. நம்மைப் போன்றவர்களால் அதில் நேரடியாக நுழைய முடியாது, விற்றுமுதல் தகுதியே கோடிகளில் கேட்பார்கள்.

ஆனால் அந்தப் பெரிய வேலைக்குள் நூறு சின்ன வேலை இருக்கிறது. ப்ரீகாஸ்ட் மூடி, கேட்ச் பிட் வார்ப்பது, இரும்புச் சல்லடை, சென்ட்ரிங் பலகை வாடகை, கம்பி வளைத்துக் கட்டுவது, மோட்டார், தடுப்புப் பலகை, இரவு விளக்கு, லெவல் எடுக்கிற ஆள். கொடுங்கையூரில் வெல்டிங் கடை வைத்திருக்கிற என் நண்பர் ஒருவர் சல்லடை மட்டுமே செய்து இரண்டு பையன்களுக்குப் புதிதாக வேலை கொடுத்திருக்கிறார். பொருள் சப்ளை செய்கிறவர்கள் உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முதலில் செய்துவிடுங்கள், அது இலவசம். சிறு குறு தொழில் சட்டம் 2006-இன்படி பொருளை வாங்கினவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டி. அந்தப் பதிவு எண்ணை இன்வாய்ஸிலேயே அச்சடித்துவிடுங்கள். நான் ஒரு கம்பெனிக்கு மூடி போட்டுவிட்டு எட்டு மாதம் நடையாய் நடந்தேன், அப்போது என்னிடம் அந்தப் பதிவு இல்லை, வாய்வார்த்தை ஆர்டர் வேறு. இப்போது எழுத்தில் ஆர்டர் இல்லாமல் ஒரு மூடிகூடக் கடையை விட்டுப் போகாது.

நேரடியாக எடுக்க வேண்டும் என்றால் வார்டு அளவு வேலைகள்தான் நமக்கு. பெரிய திட்டம் முடிந்த இடத்திலும் இணைப்பு விட்டுப்போன துண்டுகள் இருக்கும், ரோட்டிலிருந்து வடிகாலுக்குத் தண்ணீர் இறங்குகிற குழாய் அடைத்திருக்கும், ரோடு மறுபடி போட்டபோது மட்டம் ஏறி கேட்ச் பிட் வாய் புதைந்திருக்கும். இதெல்லாம் சில லட்ச ரூபாய் வேலைகள், பெரிய கம்பெனி திரும்பிக்கூடப் பார்க்காது. தெருவில் தண்ணீர் நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் இந்தச் சில லட்ச ரூபாய் வேலையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எட்டடி வடிகால் பக்கத்திலேயே ஓடும், தண்ணீர் அதற்குள் இறங்க ஒரு சாண் ஓட்டை இருக்காது, முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. மழைக்காலத்தில் மாநகராட்சி மோட்டாரும், ட்ராக்டரில் பொருத்திய பம்பும் வாடகைக்கு எடுக்கும், சொந்தமாக வைத்திருக்கிறவர்களுக்கு அதுவும் ஒரு வழி.

காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பல வருஷங்களில் செப்டம்பர் கடைசியோடு ரோடு வெட்டுவதை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். ஜூலையில் ஒர்க் ஆர்டர் வாங்கினால் கையில் இருப்பது இரண்டரை மாதம். பாதியில் திறந்து கிடக்கிற பள்ளத்தோடு மழைக்குள் போகக் கூடாது. 2022 அக்டோபரில் இதே சென்னையில் வடிகால் பள்ளத்தில் விழுந்து ஒரு இளம் பத்திரிகையாளர் இறந்துபோனார். இருபதுகளில் இருந்த பையன். தடுப்புப் பலகைக்கும் சிவப்பு விளக்குக்கும் பணம் ஒதுக்காதவன் இந்த வேலைக்கு வரவே வேண்டாம்.

தூர் வாருகிற வேலை எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. நம்ம பக்கம் பல வடிகால்களில் கழிவுநீர் கலந்திருக்கிறது, மூடியைத் திறந்ததும் மூக்கே சொல்லிவிடும். அதற்குள் ஆளை இறக்காதீர்கள். 2013 சட்டப்படி அது குற்றம், கழிவுநீர்க் குழியில் ஒருவர் இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இழப்பீட்டுக்குப் பயந்து சொல்லவில்லை. இந்தத் தெருக்களில் அப்படி அப்பாவை இழந்த வீடுகளை எனக்குத் தெரியும். எந்தச் சாதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு இறக்குகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கிற ஜெட்டிங் வண்டியும் சேற்றை உறிஞ்சுகிற சூப்பர் சக்கரும் வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படி ஆகாது என்றால் அந்த ரேட்டே தப்பு, அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

இப்போது காகித வேலை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மாநில அரசு, மாநகராட்சி டெண்டர் பெரும்பாலும் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வருகிறது, அந்தச் சட்டத்தையும் 2000-ஆம் ஆண்டு விதிகளையும் ஒரு தடவையாவது முழுசாகப் படியுங்கள், உங்கள் உரிமை அதில்தான் இருக்கிறது. ஒப்பந்ததாரர் பதிவு, பான், ஜிஎஸ்டி, தாசில்தாரிடம் சொத்து மதிப்பைக் காட்டுகிற சால்வென்சி சான்று, முன்பு செய்த வேலைக்கு அனுபவச் சான்று, ஆடிட்டரிடம் விற்றுமுதல் சான்று. மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து வாங்கி மாநில அரசின் டெண்டர் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் இரண்டு கவர், முதல் கவரில் தகுதி, இரண்டாவதில் விலை. முதல் கவரில் ஒரு சான்று விட்டுப்போனாலும் இரண்டாவது கவரைத் திறக்கவே மாட்டார்கள். கடைசி நாள் மத்தியானம் அப்லோட் பண்ண உட்காராதீர்கள்.

பணம் வருகிற விதத்தையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எம்-புக்கில், அதாவது செய்த வேலையின் அளவைப் பதிகிற புத்தகத்தில், ஏறினால்தான் பில். மண் மூடுகிற வேலை எதுவானாலும் மூடுவதற்கு முன்னால் உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டு அளவு எடுக்க வைத்து, ஸ்கேலோடு போட்டோவும் எடுத்து வையுங்கள். மூடின பிறகு யாரும் நம்பமாட்டார்கள், நம்பச் சொல்லவும் முடியாது. பத்து லட்சம் பில் போட்டீர்கள் என்றால் தனிநபருக்கு வருமான வரி ஒரு சதவீதம், ஜிஎஸ்டி டிடிஎஸ் இரண்டு சதவீதம், தொழிலாளர் நல நிதி ஒரு சதவீதம், நிறுத்திவைப்பு அஞ்சு என்று வைத்துக்கொண்டால் 90,000 ரூபாய் கையில் வராது. வரியில் பிடித்தது கணக்கில் திரும்பும், நிறுத்திவைப்பு உத்தரவாதக் காலம் முடிந்துதான் வரும். அரசு வேலைக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலையிலிருந்து 12-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது, எஸ்டிமேட் ரேட்டில் அது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்க்காமல் போட்டு மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் பில் வராவிட்டாலும் சனிக்கிழமை கூலி கொடுக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் இன்னும் ஒரு வருஷம் சப்-கான்ட்ராக்டே செய்யுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

குறைத்துப் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 20, 25 சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பணத்தை எங்கிருந்து எடுப்பார்கள்? கம்பியிலிருந்து எடுப்பார்கள், சிமென்ட்டிலிருந்து எடுப்பார்கள், கான்கிரீட் ஆறுவதற்கு விட வேண்டிய தண்ணீரிலிருந்தும் நாட்களிலிருந்தும் எடுப்பார்கள். ரொம்பக் குறைத்தால் கூடுதல் செக்யூரிட்டி டெபாசிட் கேட்பார்கள் என்பது ஒரு பக்கம். கட்டப்போவது நம்ம அத்தை வீட்டு வாசலில், நம்ம தங்கச்சி பிள்ளை ஸ்கூலுக்குப் போகிற வழியில் என்பது இன்னொரு பக்கம். வெளியூர்க் கம்பெனி முடித்துவிட்டுப் போய்விடும். நாம் அடுத்த மழையில் அதே தெருவில் நடந்துதான் பால் வாங்கப் போக வேண்டும்.

அந்தப் புளியந்தோப்புத் தெருவை இப்போதும் ஒவ்வொரு நவம்பரும் போய்ப் பார்ப்பேன். 2023-இல் மிக்ஜாம் வந்தபோது அங்கேயும் தண்ணீர் ஏறியது, எல்லா இடத்திலும் ஏறியதுபோல. பக்கிங்காம் கால்வாய் இறங்க ஆரம்பித்ததும் வடிந்தது. பாட்டி இப்போது இல்லை, அவர் மகள் அதே வாசலில் உட்கார்ந்திருந்தார், "இந்த வாட்டி சீக்கிரம் வடிஞ்சிச்சுண்ணா" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எம்.கே.பி. நகர் பக்கம் ஒரு தெருவில் லெவல் எடுக்கப் போகிறேன், அடுத்த மாதம் அங்கே ஒரு இணைப்பு வேலைக்கு டெண்டர் வருகிறது. மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் வருகிறேன் என்றிருக்கிறார். டம்பி லெவல் என்னிடம் இருக்கிறது, டியூபும் எடுத்து வருவேன், இரண்டிலும் பார்ப்போம். அந்த இரண்டு பையன்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். வேறு யாராவது வர விரும்பினால் காலை ஆறு மணிக்குள் கடைக்கு வந்துவிடுங்கள், ஏழு மணிக்கு மேல் தெருவில் வண்டி வந்துவிடும். பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள், வடிகாலின் வாயிலிருந்துதான் ஆரம்பிப்போம்.